பதினோராம் எண் கூண்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் வடசென்னைக்குப் பழகிப்போன செய்தி ஒன்று உண்டு: சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். வங்கக்கடலில் உருவான சின்னம் வலுக்க வலுக்க எண்ணும் ஏறும். 1, 2 என்றால் தாழ்வு மண்டலமோ புயலோ தொலைவில்தான் இருக்கிறது. 3, 4 என்றால் அதன் காற்றும் மழையும் இந்தத் துறைமுகத்தைத் தொடப்போகின்றன. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடக்குமா, வலப்பக்கம் விட்டா, நேரே தலைமேல் ஏறியா என்பதைப் பொறுத்து அந்த மும்மூன்றில் ஓர் எண் தேர்வாகும். பகலில் கூம்பும் உருளையுமாகக் கொடிமரத்தில் தொங்கும். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள் எரியும்.

பத்தோடு பட்டியல் முடிந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். இன்னும் ஒன்று இருக்கிறது. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துபோய்விட்டது, மோசமான வானிலை வரும் என்றும் தோன்றுகிறது என்றால், துறைமுக அதிகாரி தன் பொறுப்பிலேயே ஏற்றவேண்டியது 11-ஆம் எண் கூண்டு. முதல் பத்தும் வானத்தைப் பற்றிய செய்திகள். பதினொன்று, செய்தி வரும் வழியைப் பற்றிய செய்தி.

1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே அங்கே துறைமுக எச்சரிக்கை முறை தொடங்கியது; 1875-இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது; 1898-இல் நாட்டின் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே சீரான எச்சரிக்கைக் குறிகள் வந்தன. அது தந்தியின் காலம். புயலில் முதலில் சாய்வது தந்திக் கம்பமாகத்தான் இருக்கும். எச்சரிக்கை அதிகம் தேவைப்படும் அதே நாளில் எச்சரிக்கை வருகிற கம்பி அறுந்து கிடக்கும். ஆகவே, 'எனக்கு இப்போது எதுவும் தெரியவில்லை' என்பதையும் ஊரறியச் சொல்ல ஒரு குறி வேண்டியிருக்கிறது. வானிலைத் தகவலைப் பொதுமக்களுக்குத் தருகிற சர்வர் ஒன்றைக் குறைந்த செலவில் நம்பகமாக நடத்துவது எப்படி என்று யார் கேட்டாலும், இந்தப் பதினோராம் எண்ணில் இருந்துதான் தொடங்கவேண்டும் என்பேன். அன்று கொடிமரம் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று செய்வது சர்வர்தான். ஆனால் பெரும்பாலான சர்வர்களுக்குப் பத்துக் கூண்டுகள்தாம் ஏற்றத் தெரியும்.

முதலில் தகவல் வரும் பாதையைப் பார்த்துவிடுவோம். கடலோரத்தில் நிற்கும் தானியங்கி வானிலை நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பம், அதில் காற்றுமானி, வெள்ளைத் தட்டுகளை அடுக்கிய கூட்டுக்குள் வெப்பமானியும் ஈரப்பதமானியும், தரையருகே மழைமானி, ஒரு சோலார் பலகை, ஒரு பேட்டரி, எல்லாவற்றையும் எழுதிவைக்கும் சிறு பதிவுக்கருவி. மணிக்கொருமுறை அது தன் அளவீடுகளை வானை நோக்கி அனுப்புகிறது. மேலே இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள் அதை வாங்கிப் புனேயில் உள்ள தரைநிலையத்துக்குத் தருகிறது. நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒரே அலைவரிசையில் பேசுவதால், ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரத்துண்டு ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஜி.பி.எஸ். கடிகாரத்தைப் பார்த்துத் தன் முறை வந்ததும் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இதற்கு முந்தைய தலைமுறைக் கருவிகள் வேறு வழியைக் கையாண்டன. ஒரே செய்தியைச் சீரற்ற இடைவெளிகளில் திரும்பத் திரும்ப அனுப்பும். எதுவோ ஒன்று மோதாமல் போய்ச் சேரும். வசதி குறைந்த இடத்தில் நம்பகத்தன்மையை விலைக்கு வாங்காமல் வரவழைப்பது எப்படி என்பதற்கு இரண்டுமே நல்ல பாடங்கள்.

ராடாரின் பாதை வேறு. சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட உச்சியில், ராயபுரத்துக்குக் கூப்பிடுதூரத்தில், 2002-இல் இருந்து ஒரு டாப்ளர் ராடார் இருக்கிறது. எஸ் பட்டை என்று சொல்லப்படும் பத்து சென்டிமீட்டர் அளவிலான அலைகளால் கடலுக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் மழைமேகத்தைத் துழாவுகிறது. அந்தத் துழாவல் படமாக மாறி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணையத்தில் ஏறுகிறது. மழைக்காலத்தில் இந்த நகரத்தில் அதிகம் பேர் பார்க்கிற அறிவியல் படம் எது என்று கேட்டால், அந்தப் பச்சை, மஞ்சள், சிவப்புத் திட்டுகள் என்றுதான் சொல்வேன்.

இவ்வளவு பாதையில் எங்கு வேண்டுமானாலும் அறுபடலாம். வடசென்னைக் கடலோரத்தில் அது முதல் அங்குலத்திலேயே தொடங்கிவிடுகிறது. எண்ணூர்க் காற்றில் உப்பு இருக்கிறது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் இருக்கிறது. நிலக்கரித் தூசு இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் தூசு ராயபுரத்து வீடுகளில் படிகிறது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்ட பிறகு, அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போனது. தூசும் கூடவே போனது. வெள்ளைத் தட்டுக் கூட்டின் வேலை, வெயிலைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடுவது. அதன்மேல் கரித்தூசு படியப் படிய வெள்ளை சாம்பல் நிறமாகும், வெயிலை உறிஞ்சும், உள்ளே இருக்கும் வெப்பமானி, காற்றில் இல்லாத வெப்பத்தைக் காட்டும். கருவி பழுதில்லை, செய்தி தவறாமல் வருகிறது, சர்வர் ஓடுகிறது. எண் மட்டும் பொய்.

மழைமானியின் கதை இன்னும் நுட்பமானது. மேலே புனல், கீழே தராசுபோல் இரண்டு சிறு தொட்டிகள். ஒரு தொட்டி அரை மில்லிமீட்டர் மழைக்குரிய நீரால் நிரம்பியதும் கவிழும். மற்றது புனலுக்கு அடியில் வந்து நிற்கும். ஒவ்வொரு கவிழ்வும் ஒரு மின்துடிப்பு. துடிப்பை எண்ணினால் மழை. புனலின் கழுத்தில் தூசும் இலையும் சேர்ந்து, முதல் தூறலில் குழைந்து சேறாகி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கொட்டும் மழையில் மானி பூஜ்யம் காட்டும். மழை நின்று வெயில் அடிக்கும்போது, தேங்கிய நீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, மணிக்கணக்கில் தூறல் என்று பதியும். பக்கத்து ஊர்க் கணக்கோடு ஒப்பிட்டால் இது உடனே பிடிபடும். மணலியிலும் திருவொற்றியூரிலும் கொட்டுகிறது, நடுவில் ஒரு நிலையம் மட்டும் பூஜ்யம் என்றால் அந்தப் பூஜ்யத்தைச் சந்தேகிக்கவேண்டும். இந்த ஒப்பீட்டுக்குப் பெரிய கணினி தேவையில்லை. பக்கத்து நிலையங்களின் பட்டியலும் சில வரி நிரலும் போதும்.

இங்கேதான் வானிலைத் தரவின் மிகப் பழைய, மிக முக்கியமான பாகுபாடு வருகிறது: மழை இல்லை என்பது வேறு, மழை பற்றிய தகவல் இல்லை என்பது வேறு. தந்திக் காலத்து மனிதர்கள் இதை மறக்கவில்லை. உலக வானிலை நிலையங்கள் இன்றும் புழங்கும் சினாப் குறிமுறையை எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஐந்தைந்து இலக்கங்கள். 43278 என்று தொடங்கினால் நுங்கம்பாக்கம். 43279 என்றால் மீனம்பாக்கம். உள்ளே 10285 என்று ஒரு தொகுதி இருந்தால், முதல் 1 வெப்பநிலை, அடுத்த 0 அது பூஜ்யத்துக்குக் கீழே இல்லை, மிச்சம் 28.5 டிகிரி. 40092 என்றால் கடல்மட்ட அழுத்தம் 1009.2 மில்லிபார். சொல்லுக்குச் சொல் காசு வாங்கிய தந்தியில், ஒரு நகரத்தின் வானம் முழுவதும் ஒற்றை வரியில் அடங்கியது.

நிலைய எண்ணுக்கு அடுத்த தொகுதியின் முதல் இலக்கத்தைக் கவனியுங்கள். அங்கே 3 இருந்தால், மழை அளவு எழுதப்படவில்லை, காரணம் மழை பெய்யவில்லை. அங்கே 4 இருந்தால், மழை அளவு எழுதப்படவில்லை, காரணம் அளவு கிடைக்கவில்லை. ஓர் இலக்கத்துக்கும் கணக்குப் பார்த்தவர்கள் இந்த வேறுபாட்டுக்கு ஓர் இலக்கம் முழுவதையும் ஒதுக்கினார்கள். இன்றோ கிகாபைட் கணக்கில் இடம் இருந்தும், கருவியில் இருந்து எதுவும் வராத மணிநேரத்தைப் பூஜ்யம் என்று எழுதிவைக்கும் நிரல்கள் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன. எழுதியவருக்குத் தீய நோக்கம் இல்லை. காலியான கட்டத்தைக் கணினி கூட்ட மறுத்திருக்கும், அவர் பூஜ்யம் போட்டிருப்பார். அதை யார் நம்பிக் கடலுக்குப் போவார்கள் என்று அந்த நேரத்தில் தோன்றியிருக்காது.

பழைய தகவல் புதிதுபோல நிற்பதும் இதே வகைத் தவறு. ராடார் நின்றுவிட்டது, சர்வரில் கடைசிப் படம் அப்படியே இருக்கிறது. பக்கத்தைத் திறப்பவருக்கு வானம் தெளிவு. அது மூன்று மணிநேரத்துக்கு முந்தைய வானம். படத்தின் மூலையில் நேரம் பொடியாக இருக்கும். அதுவும் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில். அதோடு ஐந்தரை மணிநேரத்தைக் கூட்டிப் பார்க்கவேண்டும் என்று காசிமேட்டில் விடிகாலை இரண்டு மணிக்கு வலை ஏற்றிக்கொண்டிருப்பவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. சர்வரே கணக்குப் போட்டு, 'இந்தப் படம் 3 மணிநேரம் பழையது, புதிய படம் வரவில்லை' என்று படத்தின் மேலேயே பெரிய எழுத்தில் போடவேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பழையதாகிவிட்டால் படத்தையே எடுத்துவிட்டு வெறும் சாம்பல் கட்டத்தைக் காட்டவேண்டும். இதற்குச் செலவு பத்து வரி நிரல். பதினோராம் கூண்டு என்பது சர்வரில் இவ்வளவுதான்.

நேரம் என்று வரும்போது இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். நம் நாட்டில் மழை நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை 8.30-க்குத் தொடங்குகிறது. கிரீன்விச்சில் அப்போது அதிகாலை 3 மணி, உலக நிலையங்கள் சேர்ந்து வானத்தைப் பார்க்கும் வேளைகளில் ஒன்று. 2015 டிசம்பர் 1 அன்று பகலும் இரவும் கொட்டித் தாம்பரத்தை மூழ்கடித்த 49 சென்டிமீட்டர் மழை, பதிவேட்டில் டிசம்பர் 2-ஆம் தேதிக் கணக்கு. இதை விளக்காமல் வெறும் தேதியையும் எண்ணையும் தருகிற சர்வர், ஒரு நாள் ஒரு பொறியாளரை நிச்சயம் தவறான தேதிக்கு அழைத்துச் செல்லும்.

இனிக் கூட்டத்துக்கு வருவோம். வானிலை சர்வரின் தனிச் சிக்கல், ஆண்டில் முந்நூற்றைம்பது நாள் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்; மிச்ச நாட்களில் ஊரே வாசலில் நிற்கும். அந்தப் பதினைந்து நாளுக்காகப் பெரிய இயந்திரம் வாங்கினால் மற்ற நாட்களில் அது தூங்கும். வாங்காவிட்டால், வேண்டிய அன்று படுத்துவிடும். இந்த முடிச்சை அவிழ்ப்பது எப்படி என்று கணக்காகவே பார்க்கலாம்.

ஒரு ராடார் படம் 200 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். புயல் இரவில் ஒரு லட்சம் பேர், நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தைப் புதுப்பிக்கிறார்கள். நிமிடத்துக்கு 20 கிகாபைட். நொடிக்கு ஏறத்தாழ 2.7 கிகாபிட். சின்ன அலுவலகத்தின் இணைப்பு எதுவும் இதைத் தாங்காது. ஆனால் ராடார் பத்து நிமிடத்துக்கு ஒரு புதிய படம்தான் தருகிறது என்றால், பத்தில் ஒன்பது முறை அதே பழைய படத்தைத்தான் மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். உலாவி, 'என்னிடம் 9.40 மணிப் படம் இருக்கிறது, அதற்குப் பிறகு ஏதாவது வந்ததா?' என்று கேட்கும்படி செய்துவிட்டால், 'மாறவில்லை' என்று சில நூறு பைட்டில் பதில் சொல்லி முடித்துவிடலாம். இந்த வசதி இணையத்தின் அடிப்படை நெறிமுறையிலேயே இருக்கிறது, காசு கிடையாது. அப்போது சராசரிச் சுமை நொடிக்கு 270 மெகாபிட் அளவுக்கு இறங்குகிறது. பத்தில் ஒரு பங்கு. நடுவில் சேமித்துவைத்துப் பகிரும் இடைநிலைக் கணினிகள் சில இருந்தால், மூல சர்வர் ஒவ்வொரு படத்தையும் அவற்றுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். லட்சம் பேர் வந்தாலும் அதற்குத் தெரியவே தெரியாது.

ஒருமுறை வாங்கி எல்லோருக்கும் கொடுப்பது என்ற இந்த உத்தியைத் தமிழ்க் கடற்கரை இணையத்தின் தொடக்க நாட்களிலேயே செய்துகாட்டியது. தரமணியில் இருக்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998 வாக்கில் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மையத்தில் இருந்தவர்கள் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக்கடல் அலை உயர முன்கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஊருக்கு ஒரு கணினி, ஒரு மெல்லிய தொலைபேசி இணைப்பு, ஒரே ஒரு பதிவிறக்கம். கேட்டவர்கள் மீனவக் கிராமம் முழுவதும். 2004 டிசம்பர் 26 காலை, புதுச்சேரியின் இன்னொரு மீனவக் கிராமமான நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்து தொலைபேசியில் சுனாமியைச் சொன்னபோது, அதே போன்ற ஒலிபெருக்கி ஊரைக் கடற்கரையில் இருந்து கிளப்பியது. தினமும் அலை உயரம் வாசித்த குரல் என்பதால்தான் அன்று மக்கள் அதை நம்பிக் கிளம்பினார்கள் என்று நான் நினைக்கிறேன். அரிதாக மட்டும் இயங்கும் எச்சரிக்கைக் கருவி அவசரத்தில் வேலை செய்கிறதா என்பது யாருக்கும் தெரியாது; தினமும் இயங்குவது பழுதானால் தினமும் தெரியும்.

கூட்டத்தில் இன்னொரு வகையினர் மனிதர்கள் அல்ல, நிரல்கள். யாரோ ஒருவரின் செயலி, ஒவ்வொரு நொடியும் சர்வரைத் தட்டி 'வந்ததா, வந்ததா' என்று கேட்கும். எல்லாச் செயலிகளும் சரியாக மணி அடிக்கும்போது கேட்கும்படி எழுதப்பட்டிருந்தால் 8.30-க்குச் சர்வர் திணறும், 8.31-க்குச் சும்மா இருக்கும். ஒவ்வொரு செயலியும் சில நொடிகள் முன்பின்னாகக் கேட்கும்படி செய்தால் போதும், அலை தட்டையாகிவிடும். அடங்காதவர்களைத் தடுக்கவும் வேண்டும். ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நம் கைப்பேசி நிறுவனங்கள் பல ஆயிரம் வாடிக்கையாளர்களை ஒரே இணைய முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. 'ஒரே முகவரியில் இருந்து நிமிடத்துக்கு ஆயிரம் வேண்டுகோள், திருட்டு நிரலாகத்தான் இருக்கும்' என்று ஒரு முகவரியை அடைத்தால், அடைபடுவது தண்டையார்பேட்டையில் பாதியாக இருக்கலாம். முகவரியைப் பார்த்து அடைக்காமல், நிரல்களுக்குப் பெயர் பதிந்த சாவி ஒன்றைக் கொடுத்து, சாவியைப் பார்த்து அளவுகட்டுவது நல்லது. மனிதர்கள் பார்க்கும் பக்கத்தை ஒருபோதும் அடைக்கக்கூடாது.

சர்வர்கள் புயலில் விழுவதைவிடச் சின்ன விஷயங்களில் விழுவதே அதிகம். வட்டு நிரம்புவது அவற்றில் முதலாவது. ராடார் ஒரு நாளைக்கு 144 வேளை, வேளைக்குப் பத்து வகைப் படம், படம் 200 கிலோபைட் என்றால் நாளொன்றுக்கு 288 மெகாபைட். நூறு கிகாபைட் வட்டில் ஜனவரி முதல் தேதி தொடங்கினால், யாரும் எதையும் அழிக்காவிட்டால், டிசம்பர் நடுவில் இடம் தீரும். வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓயாத நேரம். இயங்குதளமும் பதிவுக் கோப்புகளும் பிடிக்கும் இடத்தைச் சேர்த்தால் நவம்பரிலேயே தீரும். வட்டு நிரம்பிய சர்வர் அணையாது. பழைய படங்களைக் காட்டிக்கொண்டே, புதியதை எழுத முடியாமல் நிற்கும்; வெளியில் இருந்து பார்த்தால் நலமாக இருப்பதுபோலவே தெரியும். எதை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்று முதல் நாளே முடிவெடுத்து, மூத்த படங்களைத் தானாகக் காப்பகத்துக்கு நகர்த்தவேண்டும்.

நிலையங்களின் எண்களை மட்டும் ஒருபோதும் அழிக்கவேண்டாம். மணிக்கு 300 பைட் என்றால் ஒரு நிலையத்தின் ஓராண்டு 2.6 மெகாபைட்தான், கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவு. இடத்தைத் தின்பது படம். நூறாண்டு கழித்தும் பயன்படுவது எண். இரண்டையும் ஒரே விதியில் வைப்பவர்கள் இரண்டையும் இழப்பார்கள்.

அடுத்தது, பாதி எழுதிய கோப்பு. சர்வர் புதிய படத்தை எழுதிக்கொண்டிருக்கும் அரை நொடியில் யாராவது கேட்டால் பாதிப் படம் போகும். இடைநிலைக் கணினி அதைச் சேமித்துக்கொண்டு அடுத்த பத்து நிமிடமும் எல்லோருக்கும் பாதிப் படத்தையே பரிமாறும். வேறு பெயரில் முழுதாக எழுதி முடித்துவிட்டு, கடைசியில் பெயரை மட்டும் மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை; பெயர் மாற்றம் ஒரே கணத்தில் நடப்பது. இதையெல்லாம் கண்காணிப்பவர் சர்வருக்கு வெளியே இருக்கவேண்டும். உள்ளேயே ஓடும் காவல் நிரல், சர்வர் அணையும்போது தானும் அணைந்துவிடும். வேறு ஊரில், வேறு நிறுவனத்தின் இணைப்பில், ஒரு பழைய மடிக்கணினிகூடப் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பொதுமக்கள் பார்க்கும் அதே பக்கத்தைத் திறந்து, பக்கம் வருகிறதா என்பதோடு நிற்காமல் உள்ளே இருக்கும் நேரமும் புதிதா என்று பார்த்து, இல்லையென்றால் ஒருவரை எழுப்பவேண்டும்.

மாற்று ஏற்பாடு என்றதும் இரண்டாவதாக அதே போன்ற இயந்திரம் வாங்குவதைத்தான் பலர் நினைக்கிறார்கள். ஒரே அறையில், ஒரே மின்பலகையில், ஒரே தரைத்தளத்தில் இரண்டு இயந்திரங்கள் இருந்தால் ஒரே வெள்ளத்தில் இரண்டும் போகும். சென்னையின் ராடார் ஏற்பாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. துறைமுக ராடார் பழுதுபார்ப்பில் இருந்த நாட்களில், பழவேற்காட்டுக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கும் இஸ்ரோ ராடாரும், தெற்கே பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட எக்ஸ் பட்டை ராடாரும்தான் நகரத்துக்குக் கண்ணாக இருந்தன. மூன்றும் மூன்று இடங்களில். எக்ஸ் பட்டை ராடாரின் எல்லை குறைவு, கனமழையின் குறுக்கே அதன் அலை விரைவாக மங்கும். துறைமுக ராடாருக்கு அது ஈடில்லை. ஆனாலும் வெறும் இருட்டுக்கு அது எவ்வளவோ மேல். சர்வருக்கும் அப்படித்தான்: இரண்டாவது இயந்திரம் முதலாவதுபோல் எல்லாம் செய்யவேண்டியதில்லை. வேறு ஊரில் இருந்துகொண்டு, நிலைய எண்களையும் கடைசிப் படத்தையும் மட்டும் காட்டினால் போதும்.

அப்படிக் காட்டும்போது எது முதலில்? எழுத்து. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த நகரத்தைக் கடந்தபோது கைப்பேசிச் சேவை எப்படித் தள்ளாடியது என்பது இங்கிருந்தவர்களுக்கு நினைவிருக்கும். கோபுரங்கள் முதலில் பேட்டரியில் ஓடும், பிறகு டீசலில், பிறகு நின்றுவிடும்; மிஞ்சும் கோபுரத்தில் எல்லோரும் தொங்குவார்கள். நொடிக்கு 20 கிலோபிட் மட்டும் கிடைக்கும் கைப்பேசியில் 200 கிலோபைட் படம் இறங்க 80 நொடி ஆகும், பெரும்பாலும் பாதியில் அறுந்துவிடும். காற்று, மழை, அழுத்தம், எச்சரிக்கை எண், நேரம் இவ்வளவையும் தமிழில் எழுதிய 2 கிலோபைட் பக்கம் ஒரு நொடிக்குள் வந்துவிடும். அலங்காரப் பக்கத்துக்கு முன்னால் இந்த எழுத்துப் பக்கத்தைக் கட்டவேண்டும். சுமை ஏறும்போது முதலில் அனிமேஷனை நிறுத்தலாம், பிறகு படங்களை, கடைசிவரை எழுத்தை விடக்கூடாது. எதை எந்த வரிசையில் விடுவது என்று அமைதியான சித்திரை மாதத்தில் உட்கார்ந்து எழுதிவைக்காத சர்வர், ஐப்பசியில் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிடும்.

உலக அளவிலும் சுமையை இப்படிப் பிரித்துக்கொள்ளும் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. நாடுகள் தங்களுக்குள் வானிலைத் தரவைப் பரிமாறிக்கொண்ட பழைய தனிக்கம்பி வலைக்குப் பதிலாக, உலக வானிலை அமைப்பின் புதிய தகவல் முறை 2025 தொடக்கத்தில் செயலுக்கு வந்தது. இதில் யாரும் யாரையும் தட்டிக்கொண்டே இருக்கவேண்டியதில்லை. புதிய அளவீடு வந்ததும் சிறு அறிவிப்பு போகும். அறிவிப்பைப் பார்த்து உலகின் சில பெரிய சேமிப்பு மையங்கள் மூல சர்வரிடம் ஒருமுறை வாங்கிக்கொள்ளும். மற்ற எல்லோரும் அந்த மையங்களிடம் போவார்கள். ஏழை நாட்டின் சிறிய சர்வரும் உலகம் முழுவதற்கும் தரவு தர முடியும். இதற்கான மென்பொருள் இலவசம், சாதாரணக் கணினியிலேயே ஓடும். வீராம்பட்டினம் ஒலிபெருக்கிக்குள் இருந்த கணக்குதான் இதற்குள்ளும் இருக்கிறது.

பணம் குறைந்தால் எதைக் கடைசியாக வெட்டவேண்டும் என்று கேட்டால், மழைமானியைத் துடைக்கப் போகும் ஆளின் பயணப்படியை என்பேன். எண்ணூர்க் கடலோரத்தில் ஒரு தூரிகையும் ஒரு வாளி தண்ணீரும், உப்பேறிய பேட்டரி முனைகளைச் சுரண்டி வாசலைன் தடவும் அரைமணி வேலையும் தருகிற நம்பகத்தன்மையை எந்த மேகக் கணினியும் தராது. ஆனால் நிதி ஒதுக்கீட்டில் முதலில் மறைவது இதுதான். புதிய கருவிக்குத் திறப்பு விழா உண்டு, துடைப்பதற்கு இல்லை.

புயல் போன பிறகு அந்த ஆளுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. தொடர்பு அறுந்த மணிநேரங்களில் நிலையம் அளவெடுப்பதை நிறுத்தியிருக்காது. பதிவுக்கருவியின் நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருந்திருக்கும். போய் அதை எடுத்துவந்து சர்வரில் விடுபட்ட இடங்களை நிரப்பவேண்டும். பின்னால் நிரப்பிய ஒவ்வொரு மதிப்புக்கும் அருகில் அது எப்போது, எந்த வழியில் வந்தது என்ற குறிப்பு இருக்கவேண்டும். கருவியே வெள்ளத்தில் மூழ்கிய மணிநேரங்களைக் காலியாகவே விடவேண்டும். பக்கத்து நிலையத்து எண்ணை எடுத்துப் போட்டு நிரவக்கூடாது.

சென்னையில் நாள்தோறும் வானிலையைக் குறித்துவைக்கும் வழக்கம் 1796-இல், நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வுக் கூடத்தில் தொடங்கியது. இத்தனை தலைமுறைத் தாள்களையும் யாரோ ஒருவர் தேவைக்காகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். இன்றைய தேவை மிக அருகில் இருக்கிறது: கொசஸ்தலையாற்றுப் படுகையில், மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளுக்கு, ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு மாநகராட்சி மழைநீர் வடிகால்களைக் கட்டிவருகிறது. இதுபோன்ற வடிகாலின் அகலத்தைத் தீர்மானிப்பது ஆண்டு மொத்த மழை அல்ல. ஒரே மணிநேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு பெய்யும் என்ற கணக்கு. கருவிகள் தடுமாறுவதும் பெரும்பாலும் அந்த அதிகபட்ச மணிநேரத்தில்தான். அந்த மணிநேரம் பதிவேட்டில் காலியாக இருந்தால், பொறியாளர் அங்கே ஒரு கேள்வி இருக்கிறது என்று அறிந்து, அருகில் உள்ள நிலையங்களையும் ராடாரையும் பார்த்துக் கூடுதல் இடம் விட்டுக் கட்டுவார். பூஜ்யம் என்று இருந்தால், அன்று பெரிய மழை இல்லை என்று எடுத்துக்கொண்டு குறுகிய குழாயைப் போடுவார். அடுத்த கார்த்திகையில் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.